ஏர்லைன் இணைப்பில் பிட்டிங் மாறினால் சீனியாரிட்டி போகுமா?

விமான ஊழியர்கள் மாத வேலை அட்டவணையைச் சீனியாரிட்டிப்படி கேட்டு வாங்குவதுதான் பிட்டிங். உங்கள் ஏர்லைனில் லைன் பிட்டிங், இணையப்போகும் ஏர்லைனில் பி.பி.எஸ். (விருப்பத்தை எழுதிக் கொடுக்கும் பிட்டிங் முறை), இரண்டு சங்கமும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, உங்கள் 18 வருஷ சீனியாரிட்டி என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வருஷங்கள் அழியாது, வரிசை எண் மாறலாம். இரண்டு ஏர்லைனின் சீனியாரிட்டிப் பட்டியல்களை நியாயமாகச் சேர்க்க அமெரிக்காவில் 2007 முதல் மெக்காஸ்கில்-பாண்ட் சட்டம் இருக்கிறது. அட்டவணைச் சண்டை வேறு. லைன் பிட்டிங்கில் எந்த நாள் எந்த ஊர் என்று கட்டி முடித்த மாத அட்டவணை கண்முன் இருக்கும், பார்த்து எடுக்கலாம். பி.பி.எஸ்.ஸில் ‘ஞாயிறு லீவு, விடிகாலை ரிப்போர்ட் வேண்டாம்’ என்று எழுதிப் போட வேண்டும், கட்டுவது கணினி. ஆள் பற்றாத நாளில் சீனியர் கேட்டதையே அது தள்ளிவிட்டால்? கோபமெல்லாம் அங்கேதான், அது நியாயமும்கூட.

ஆகவே மறுத்த காரணத்தைக் காட்டும் அறிக்கை, பழைய முறையோடு சேர்த்துச் சில மாத ஒத்திகை, கிடைத்த டிரிப்பைப் பிறகு மாற்றிக்கொள்ளும் உரிமை மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வாய்மொழி உறுதி செல்லாது.

அப்புறம், நாளைக்கே மாறிவிடும் என்ற பயம் வேண்டாம். யுனைடெட்–கான்டினென்டல் இணைந்தது 2010-ல். கேபின் ஊழியர்களுக்குப் பொது ஒப்பந்தம் 2016-ல்தான் வந்தது, ஒரே விமானத்தில் கலந்து பறந்தது 2018-ல். ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போடும் முன் டிரிப் மாற்றும் பிரிவை முழுசாகப் படித்துவிடுங்கள்.