மலைப்பாதை வண்டிகளுக்குப் பால் ஜாயின்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிகிறேன். 2021-இல் வாங்கிய மஹிந்திரா தார் வண்டியைத் தோட்டத்துக் கல்பாதைகளிலும் ஆழியாறு மலைச்சாலையிலும் ஓட்டுகிறேன். இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக்’ என்று சத்தம் வருகிறது. லோயர் பால் ஜாயின்ட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். கம்பெனி பார்ட், அதில் பாதி விலைக்கு வெளியில் கிடைப்பது, இணையத்தில் ‘ஹெவி டியூட்டி’ என்று விற்கப்படுவது என மூன்று வழிகள் இருக்கின்றன. எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், வால்பாறை

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன்பு, பழுது பால் ஜாயின்ட்டில், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் உருண்டை மூட்டில்தான் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியின் முன்பக்கம் இரட்டை விஷ்போன் அமைப்பு, அதாவது ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஆர்ம்கள் (கைகள்) பிடித்திருக்கும். காயில் ஸ்பிரிங்கின் பாரம் கீழ் ஆர்மின் மீது இறங்குவதால், சக்கரத்துக்கும் வண்டிக்கும் இடையே எடையைத் தாங்குவது கீழ் பால் ஜாயின்ட்தான். மேலே இருப்பது சக்கரத்தின் நிலையைப் பிடித்து வைக்கிறதே தவிர எடையைச் சுமப்பதில்லை. ஆகவே சோதிக்கும்போது ஜாக்கியைச் சேசிஸுக்கு அடியில் கொடுக்காமல், கீழ் ஆர்முக்கு அடியில், ஜாயின்ட்டுக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொடுக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் கொடுத்துத் தூக்க வேண்டும். சேசிஸைத் தூக்கினால் ஆர்ம் முழுவதும் கீழே தொங்கி நின்றுவிடும். தேய்ந்த ஜாயின்ட்கூட ஆட்டம் காட்டாமல் நல்லது போலத் தோன்றும். வண்டிக்கு ஸ்டாண்டு கொடுத்தபின், டயருக்கு அடியில் ஒரு நீளமான லீவர் கம்பியை வைத்து மெதுவாக நெம்பி, ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரம் பொருந்தியிருக்கும், அதோடு திரும்பும் பாகம்) நடுவில் அசைவு தெரிகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, டயரின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், உதவிக்கு இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனையான டை ராடு எண்டைப் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வருகிறதென்றால், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க்கைக் கழற்றிவிட்டு, பட்டறைக்கு அருகிலேயே கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் பழுது அந்த லிங்க்கில்தான். பள்ளத்தில் அதே ‘டொக்’ சத்தத்தை எழுப்பும் இந்தச் சின்னப் பொருள் பால் ஜாயின்ட்டைவிட விலை குறைவானது.

பழுது ஜாயின்ட்டில்தான் என்று தெரிந்தபின் தேர்வுக்கு வருவோம். பால் ஜாயின்ட்டுக்குள் இருப்பது ஓர் எஃகு உருண்டை, அது சுழலும் கிண்ணம், கொஞ்சம் கிரீஸ், இவற்றை மூடிய ஒரு ரப்பர் பூட். உங்கள் ஊர் மழையிலும் சேற்றிலும் பெரும்பாலும் முதலில் தோற்பது எஃகு அன்று, ரப்பர். பூட்டில் ஒரு சிறு கிழிசல் விழுந்துவிட்டால் தண்ணீரோடு உள்ளே போகும் மண் கிரீஸில் கலந்து உருண்டையை அரைக்கத் தொடங்கிவிடும். அதன்பிறகு எந்தக் கம்பெனியின் ஜாயின்ட்டாக இருந்தாலும் அதிக நாள் தாங்காது. ஆகையால் கடையில் பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பூட்டைத்தான். விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கி உடனே பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும்; மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகூட இருக்கக் கூடாது; மேலும் கீழும் அதைப் பிடித்திருக்கும் வளையங்கள் விரலால் தள்ளினால் நகரக் கூடாது.

பிறகு உருண்டையிலிருந்து வெளியே நீளும் தண்டான ஸ்டட்டைப் பிடித்து எல்லாப் பக்கமும் சாய்த்துப் பாருங்கள். புதிய ஜாயின்ட் இறுக்கமாக இருப்பது குறையன்று. ஆனால் எங்கும் தடுக்காமல், ஒரே சீரான இறுக்கத்தோடு திரும்ப வேண்டும். கையில் எடுத்ததும் ஸ்டட் தானாகத் தொங்கிச் சாய்ந்தால், அது உலோகத்தோடு உலோகம் உரசும் வகையா என்று கேளுங்கள். அந்த வகையில் சிறு தளர்வு இயல்பு. அந்த வகை இல்லையென்றால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

‘ஹெவி டியூட்டி’ என்ற சொல்லுக்குத் தனியாக எந்த மதிப்பும் கிடையாது. உலோகத்தோடு உலோகம் உரசும் ஜாயின்ட் அடியைத் தாங்கும். ஆனால் கிரீஸ் நிப்பிள் வழியாக அடிக்கடி கிரீஸ் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாலிமர் கிண்ணம் கொண்ட, முழுவதும் மூடிய ஜாயின்ட் சத்தமின்றி, ஆட்டமின்றி, பராமரிப்பே கேட்காமல் உழைக்கும். பூட் கிழிந்தால் அத்தோடு அதன் கதை முடிந்தது. தோட்டத்திலேயே கிரீஸ் கன் இருந்து, ஆயில் மாற்றும்போதெல்லாம் பூட் லேசாக உப்பும் அளவுக்கு (வெடிக்கும் அளவுக்கு அன்று) கிரீஸ் ஏற்றுவதற்கு ஆளும் இருந்தால் நிப்பிள் உள்ளதை எடுக்கலாம். அந்த ஒழுங்கு நடக்காது என்று தெரிந்தால், மூடிய ஜாயின்ட்தான் உங்களுக்கு ஏற்றது. இணையத்தில் விற்பவரிடம் கிண்ணம் என்ன பொருள், எந்த ஆண்டு வண்டிக்குப் பொருந்தும் என்ற இரண்டையும் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், சேசிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி பார்ட்டை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஜாயின்ட் தனியாகக் கிடைக்குமா, ஆர்மோடு சேர்த்துத்தான் வருமா என்பதும் அப்போது தெரிந்துவிடும். ஆர்மோடு வந்தால் விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ஆர்மின் ரப்பர் புஷ்களும் புதிதாக வந்துவிடும், ஜாயின்ட்டை ஆர்மில் பிரஸ் செய்து இறக்கும் கூலியும் மிச்சம். பாதி விலைப் பொருளில் நல்லதும் உண்டு. ஆனால் அதை விநியோகஸ்தரிடம் ரசீதோடு வாங்கினால் மட்டுமே நம்பலாம்.

கேள்வி: புதிய ஜாயின்ட்டை ஆர்மில் இறக்கும்போது கையாலேயே உள்ளே போய்விட்டது. இரண்டு இடத்தில் வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: கூடாது. பிரஸ் செய்து இறக்க வேண்டிய ஜாயின்ட் கையால் இறங்குகிறது என்றால், பெட்டியில் தவறான அளவு வந்திருக்க வேண்டும், அல்லது ஆர்மின் துளை விரிந்திருக்க வேண்டும். முதலில் பழைய ஜாயின்ட்டின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து புதியதோடு ஒப்பிடுங்கள். அளவு சரியாக இருந்தால் ஆர்மையே மாற்ற வேண்டும். வெல்டிங் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸும் பாலிமர் கிண்ணமும் கருகிவிடும். எஃகின் பதமும் கெடும்.

பொருத்தும்போது இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். ஸ்டட்டின் கூம்புப் பகுதியும் அது உட்காரும் துளையும் சுத்தமாகவும் உலர்வாகவும் இருக்க வேண்டும். அங்கே கிரீஸ் தடவுவது தவறு. நட்டைக் கம்பெனி சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முடுக்கியபின் ஸ்ப்ளிட் பின் (நட் தளராமல் பிடிக்கும் கம்பி) துளை நேராக வராவிட்டால், நட்டின் அடுத்த வெட்டு வரும்வரை முன்னோக்கி முடுக்க வேண்டுமே தவிர, பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. ஸ்ப்ளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கட்டும். ஆர்மின் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியபின் முடுக்குவதே முறை. இறுதியாக, வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுத்துச் செல்லாதீர்கள்.

கேள்வி: பழைய மாருதி ஜிப்ஸி வைத்திருக்கிறேன். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது. முன்பக்கப் பால் ஜாயின்ட்டுகளுக்கு எந்த பிராண்டு நல்லது?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: ஜிப்ஸியின் முன் நக்கிளில் பால் ஜாயின்ட்டே கிடையாது. லீஃப் ஸ்பிரிங்கின் மீது நிற்கும் ஒரே அச்சு அது. நக்கிள் மேலும் கீழும் கிங்பின் (நக்கிள் திரும்பும் முளை) பேரிங்குகளில் திரும்புகிறது. 2023-இல் இங்கே வந்த ஜிம்னியும் காயில் ஸ்பிரிங் போட்டிருந்தாலும் கிங்பின் வகைதான். பேரிங் தேய்ந்தாலும், ஷிம் (மெல்லிய தகடு) வைத்து அமைக்கும் இறுக்கம் தளர்ந்தாலும் நீங்கள் சொல்லும் உதறல் வரலாம். டை ராடை நக்கிளிலிருந்து கழற்றிவிட்டு, நக்கிளைத் திருப்ப எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதை ஸ்பிரிங் தராசால் இழுத்து அளப்பார்கள். அதைச் செய்யத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். உருண்டை வைத்த மூட்டு உங்கள் வண்டியில் இருப்பது டை ராடு எண்டுகளில். அவற்றையும் வீல் பேலன்ஸிங்கையும் முதலில் பார்த்துவிட்டால், ஒருவேளை கிங்பின் வரை போக வேண்டிய தேவையே இராது.

கேள்வி: தாருக்கு ஸ்பேசர் வைத்து உயரம் கூட்டி, பெரிய டயர் போட்டேன். மேல் பால் ஜாயின்ட்டின் பூட் கிழிந்துவிட்டது. புதியது போட்டும் மறுபடி கிழிந்தது. பூட் தரம் குறைந்ததா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பூட்டின் மேல் தவறில்லை. உயரம் கூட்டியதும் ஆர்ம்கள் எப்போதும் கீழ்நோக்கிச் சாய்ந்தே நிற்கின்றன. சக்கரம் பள்ளத்தில் முழுவதும் தொங்கும்போது ஸ்டட் தன் சாய்வின் எல்லையைத் தொட்டு, கிண்ணத்தின் விளிம்பில் இடித்து, பூட்டை நசுக்குகிறது. இதற்குப் பால் ஜாயின்ட்டை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனில்லை. கூடிய உயரத்துக்கென்று ஜாயின்ட்டின் கோணம் மாற்றி வடிவமைத்த மேல் ஆர்மைப் பொருத்த வேண்டும், அல்லது உயரத்தைக் குறைக்க வேண்டும். அத்தகைய ஆர்ம்களில் சில, பால் ஜாயின்ட்டுக்குப் பதிலாக யூனிபால் என்ற திறந்த உருண்டை பேரிங்கோடு வருகின்றன. பந்தய வண்டிக்கு அது பொருந்தும், புழுதியிலும் சேற்றிலும் அன்றாடம் ஓடும் வண்டியில் விரைவில் கடகடக்கும். சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் ரிம் போட்டிருந்தால் ஜாயின்ட்டுகளின் மீது நெம்பு விசை இன்னும் கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏலத் தோட்டத்துக்கு ஓடும் பழைய பிக்கப்பில் கீழ் ஜாயின்ட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. அறுவடை முடியும்வரை ஓட்டலாமா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: ஓட்ட வேண்டாம். கீழ் ஜாயின்ட் எடையை வாங்கும் விதம் இரண்டு. சில வண்டிகளில் எடை உருண்டையைக் கிண்ணத்துக்குள் அழுத்துகிறது. தேய்ந்தாலும் சிறிது காலம் சத்தம் போட்டு எச்சரிக்கும். வேறு சிலவற்றில் எடை உருண்டையைக் கிண்ணத்திலிருந்து வெளியே இழுக்கிறது. தேய்மானம் எல்லை மீறினால் உருண்டை கழன்று, சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். 2005-இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் டகோமா, டன்ட்ரா உள்ளிட்ட 7,50,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைக் கீழ் பால் ஜாயின்ட்டுக்காகவே திரும்ப அழைத்தது; தயாரிப்பின்போது உருண்டையில் விழுந்திருக்கக்கூடிய கீறலால் தேய்மானம் விரைவுபடும் என்பதே காரணம். உங்கள் வண்டி எந்த வகை என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், அளவு மீறிய ஆட்டம் இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். மறுபக்க ஜாயின்ட்டையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். அதில் ஆட்டமும் இல்லை, பூட்டும் முழுதாக இருக்கிறது என்றால், இப்போதைக்கு ஒரு பக்கம் போதும்.