சினை ஊசியும் கன்றும்: கேள்வி பதில்

கேள்வி (பவானி): காலையில் மாடு கத்துகிறது. எப்போது ஊசி போடுவது?

பதில்: அன்று மாலை. மாலையில் பருவம் தெரிந்தால் மறுநாள் காலை. பருவம் 12 முதல் 18 மணி நேரம் நிற்கும். அது அடங்கி 10–12 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளிவரும், வந்தபின் சில மணி நேரமே தாங்கும். விந்தணு முட்டையைத் துளைக்கும் தகுதி பெறவே உள்ளே சுமார் 6 மணி நேரம் கிடக்க வேண்டும். அதனால் அது முந்திப் போயிருக்க வேண்டும். கத்தலை மட்டும் நம்பாதீர்கள்: இன்னொரு மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்கிறதா, சளி கண்ணாடிபோல் அறுபடாமல் தொங்குகிறதா என்று பாருங்கள். விந்துக் குச்சியில் (உறைவிந்து அடைத்த மெல்லிய குழாய்) அச்சிட்ட காளை எண்ணைக் குறித்து வையுங்கள்.

கேள்வி (தாராபுரம்): மூன்று மாடுகளுக்கும் மாலை ஊசி. மூன்றும் கிடேரி. மாலைதான் கிடேரிக்கு ராசியா?

பதில்: இல்லை. காளையின் விரையில் உள்ள தாய்ச்செல்லில் 60 குரோமோசோம். அவற்றில் எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு) முடிந்தால் தலா 30 குரோமோசோமுடன் 4 விந்தணுக்கள்: இரண்டில் எக்ஸ், இரண்டில் ஒய். முட்டையில் எப்போதும் எக்ஸ்தான். எக்ஸ் விந்தணு சேர்ந்தால் கிடேரி, ஒய் சேர்ந்தால் காளைக்கன்று. ஊசி போடும் நேரம் இதை மாற்றாது. மூன்றும் கிடேரியாவது எட்டு வீடுகளில் ஒரு வீட்டில் தானாகவே நடக்கும்.

கேள்வி (கோபி): ஒய் விந்தணு வேகமாக நீந்துமாமே? பருவக் கடைசியில் போட்டால் எங்களுக்குக் காளைக்கன்றுதான்.

பதில்: வேகத்தை வைத்துப் பிரிக்க முடிந்திருந்தால் லேசர் கருவியே தேவைப்பட்டிருக்காது. மாட்டில் எக்ஸ் விந்தணுவில் டி.என்.ஏ. சுமார் 4% அதிகம். சாயம் ஏற்றி, லேசர் ஒளியில் தெரியும் ஒளிர்வு வித்தியாசத்தைப் பார்த்துப் பிரித்ததுதான் பாலினம் பிரித்த விந்து. சுமார் 90% கிடேரி. ஆனால் சாதாரணக் குச்சியில் 2 கோடி விந்தணு என்றால் இதில் 20 லட்சம்தான். சினை பிடிப்பும் குறையும். நல்ல பருவக் கிடேரிக்குப் போடுங்கள்; திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும் மாட்டில் வீணாக்காதீர்கள்.

கேள்வி (அந்தியூர்): ஊசிக்குப் பின் வலப்பக்கம் படுக்க வைத்தால் காளைக்கன்றா?

பதில்: இல்லை. தாராபுரத்துக்கு மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (காங்கேயம்): காங்கேயம் மாட்டுக்குச் செவலைக் கன்று. குச்சி மாறிவிட்டதா?

பதில்: காங்கேயம் கன்று செவலையாகவே பிறக்கும், சுமார் 6 மாதத்தில் நிறம் மாறும். காளை எண் கையில் இருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

கேள்வி (சத்தி): இரட்டைக் கன்று, ஒன்று ஆண், ஒன்று பெண்.

பதில்: நஞ்சுக்கொடி இரத்தம் கலப்பதால் அந்தக் கிடேரி பத்தில் ஒன்பது முறைக்கு மேல் மலடு. சினைக்கு நம்பி வளர்க்க வேண்டாம்.

கேள்வி (பெருந்துறை): மூன்று ஊசி போட்டும் நிற்கவில்லை.

பதில்: கால்நடை மருத்துவரிடம் கருப்பையைச் சோதியுங்கள்.

கேள்வி (ஊத்துக்குளி): அம்மா மாட்டுக்குப் போட்ட அதே காளை ஊசியை மகளுக்கும் போடலாமா? பால் நன்றாக வருகிறதே.

பதில்: கூடாது. காளையிடம் ஒரு குறை மறைந்திருந்தால் மகளுக்கு அது வர இரண்டில் ஒன்று. அவளுக்கும் அதே காளை என்றால் எட்டில் ஒரு கன்றில் நோயாகவே வெளிப்படும். ஹோல்ஸ்டீன் இனக் கன்றுகளைத் தொற்றில் சாகடித்த, நோய் எதிர்ப்பைக் கெடுக்கும் பிளாட் (BLAD) என்ற பரம்பரை நோய், ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற ஒரே காளையின் வாரிசுகள் வழியே பல நாடுகளுக்குப் பரவியது. அதற்காகத்தான் எண் கேட்கிறேன். இனிக் குச்சியைக் குப்பையில் போடுமுன் தொழுவச் சுவரிலாவது எழுதிவிடுங்கள்.