கரண்ட் போனால் கடல்நீர்த் தொட்டியில் முதலில் எதைக் காப்பாற்றுவது?

கேள்வி: வீட்டில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது, கீழே சம்ப் (பில்டர் சாதனங்கள் இருக்கும் துணைத்தொட்டி). இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மஞ்சள் டாங் மீன், லைவ் ராக் (பாக்டீரியாக்கள் குடியிருக்கும் பாறை), கொஞ்சம் மென்பவளங்கள். கரண்ட் போனால் திரும்பி வர 4 முதல் 6 மணி நேரம் ஆகிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியோடு இன்வெர்ட்டர் உண்டு. ஹீட்டர், சம்ப் நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், நுரையால் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாவற்றையும் அதில் மாட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்பான வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் மாட்டுங்கள்.

கரண்ட் இல்லாத நேரத்தில் மீன்கள் சாவது பெரும்பாலும் குளிராலோ, பில்டர் ஓடாததாலோ அல்ல. ஆக்ஸிஜன் தீர்ந்துபோவதால்தான். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் சுமார் 6.7 மில்லிகிராம்தான் தாங்கும். அதை மீன்கள் மட்டும் சுவாசிப்பதில்லை. லைவ் ராக்கிலும் மணலிலும் உள்ள பாக்டீரியாக்களும், வெளிச்சம் போனபின் பவளங்களும் பாசிகளும்கூட எடுத்துக்கொள்கின்றன. போதாததற்கு, மேல்மட்ட நீர் சம்ப்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ நின்றதும் நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் படியத் தொடங்கும். அது காற்றுக்கும் நீருக்கும் நடுவே மூடியாக உட்கார்ந்துகொள்ளும். முதலில் தவிப்பது டாங்தான். ஓயாமல் நீந்தும் மீனுக்கு ஆக்ஸிஜன் தேவை அதிகம். செவுள்கள் வேகமாக அடித்துக்கொள்வதும், மீன் மேற்பரப்பிலேயே தொங்குவதும் தெரிந்தால் நேரம் அதிகமில்லை என்று அர்த்தம்.

இப்போது பேட்டரிக் கணக்கு. 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் என்பது 1,200 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியின் ஆயுள் கெடாமலிருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600. இன்வெர்ட்டரின் மாற்றிழப்பும், அது சும்மா இருக்கும்போதே தின்னும் 10, 15 வாட்டும் இதிலிருந்துதான் போக வேண்டும். 10 வாட் வேவ்மேக்கர் ஏறத்தாழ ஒரு நாள் ஓடும். 50 வாட் ரிட்டர்ன் பம்ப் 8 மணி நேரம் ஓடும். 200 வாட் ஹீட்டர் தொடர்ந்து எரிந்தால் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டாது. எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால் 2 மணி நேரம்கூட ஓடாமல் மொத்தமும் ஒன்றாக நின்றுவிடும். இதே இன்வெர்ட்டரில் வீட்டு விளக்கும் விசிறியும் இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும்.

வேவ்மேக்கரைச் சற்று மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். பரப்பு லேசாக அசைந்தால் போதாது, சுருக்கம் சுருக்கமாக அலையடிக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் அலையின் நிழல் மணலில் நெளிவது தெரிய வேண்டும். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையாகத் தரும்) வகையா என்றும் பாருங்கள். மற்ற வகைகளில் ஏசி காந்தப் பம்புகள் உறுமும், சூடாகும். அடாப்டரில் ஓடும் டிசி பம்புகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இன்வெர்ட்டரும் ஒருநாள் கைவிடலாம். அதனால் யூஎஸ்பி ஏர் பம்ப் ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும் தொட்டி அருகிலேயே இருக்கட்டும். 20,000 மில்லியாம்பியர்-அவர் பவர் பேங்க், 2 வாட் ஏர் பம்பைக் கணக்குப்படி ஒரு நாளுக்கு மேல் ஓட்டும். ஆனால் பல பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைக் கண்டால் போன் சார்ஜ் முடிந்துவிட்டதென்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். வாங்கியதும் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் குழாய் வழியே தொட்டி நீர் தரைக்கு வரும். குழாய் முனையில் குமிழி விடும் ஏர் ஸ்டோன் தெறிக்கும் உப்பு விளக்கில் படியும்தான். பிறகு துடைத்துக்கொள்ளலாம்.

எதுவுமே இல்லையென்றால் கைதான். ஒரு ஜக்கின் வாயைப் பரப்போடு ஒட்டி லேசாக அமிழ்த்துங்கள். எண்ணெய்ப் படலம் ஜக்குக்குள் வழிந்து வரும். முதல் சில ஜக் நீரைத் தனி வாளியில் ஊற்றிவிட்டு, பிறகு மொண்டு மொண்டு ஓரடி உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றுங்கள். கால் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் செய்தால் நல்லது. கையை விடும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

ஹீட்டரை ஏன் தள்ளிவைக்கலாம்? 300 லிட்டர் நீர் 1 டிகிரி குறைய ஏறக்குறைய 350 வாட்-மணி வெப்பம் வெளியேற வேண்டும். உங்கள் ஹீட்டர் சராசரியாகப் பாதி நேரம் எரிகிறது என்றால் தொட்டி இழப்பது 100 வாட். 1 டிகிரி குறைய மூன்றரை மணி நேரம் ஆகும். பக்கக் கண்ணாடிகளைப் போர்வையால் சுற்றினால் இன்னும் மெதுவாகும். ஆனால் மேற்புறத்தை மூடாதீர்கள். வெந்நீர் பாட்டில் மிதக்கவிடுவது பலர் சொல்லும் வழி. 60 டிகிரி வெந்நீர் நிரப்பிய ஒன்றரை லிட்டர் பாட்டில் உங்கள் தொட்டியை 0.2 டிகிரிகூட ஏற்றாது. வெயில் காலத்தில்தான் பாட்டில் நிஜமாக உதவும். 2 லிட்டர் பாட்டிலில் ஒன்றரை லிட்டர் நீர் ஊற்றி உறையவைத்து மிதக்கவிட்டால் சுமார் அரை டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேரே போட்டால் உப்பளவு குறையும். நீர் 30 டிகிரியை நெருங்கும்போது இதைத் தொடங்குங்கள்.

தீனி போட வேண்டாம். நல்ல நிலையிலுள்ள மீன்கள் ஓரிரு நாள் பட்டினியைத் தாங்கும். உண்ணாமல் கிடக்கும் தீனியோ அழுகி அமோனியாவாகும், இருக்கிற ஆக்ஸிஜனையும் குடிக்கும்.

சம்ப் உள்ளவர்கள் ஏமாறும் இடம் வேறு. பம்ப் நின்றதும், ரிட்டர்ன் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அந்த மட்டம் வரை தொட்டி நீர் சைஃபன் ஆகி, அதாவது குழாய் வழியே தானாக இழுபட்டு, கீழே இறங்கும். 120 × 50 சென்டிமீட்டர் பரப்பில் 3 சென்டிமீட்டர் இறங்கினால் 18 லிட்டர். வாய் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 60 லிட்டர். சம்ப்பில் அவ்வளவு காலியிடம் இருக்கிறதா? இப்போதே ரிட்டர்ன் பம்பை நிறுத்தி, பக்கத்தில் நின்று பாருங்கள். சைஃபனை உடைக்கக் குழாயில் போடும் சிறு துளையை மட்டும் நம்ப வேண்டாம். பாசி சில வாரங்களிலேயே அதை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை குத்தி விடுங்கள்.

கரண்ட் வந்ததும் எல்லாம் தானாகக் கிளம்ப விடாதீர்கள். சம்ப்பில் மட்டம் உயர்ந்திருக்கும்போதே ஸ்கிம்மர் ஓடினால் அழுக்குக் கோப்பை பொங்கி வழியும். ரிட்டர்ன் பம்பை முதலில் போட்டு, மட்டம் சீரானபின், 15 நிமிடம் கழித்து ஸ்கிம்மர். ஹீட்டர் முழுக்க நீரில் மூழ்கியிருப்பதைக் கண்ணால் பார்த்தபின் அதைப் போடுங்கள். வெளியே தெரியும் ஹீட்டர் சூடேறி, மேலே நீர் பட்டால் கண்ணாடி வெடிக்கும். நீர் தரையில் வழிந்திருந்தால் குறையும் நீரைத் தானே நிரப்பும் டாப்-அப் கருவியை நிறுத்தியே வையுங்கள். போனது உப்புநீர், அது ஊற்றப்போவது நன்னீர். உப்பளவைச் சோதித்து, கலந்த உப்புநீரால் ஈடுகட்டிவிட்டுப் பிறகு போடலாம்.

கேனிஸ்டர் பில்டரும் (மூடிய குடுவை வடிவ பில்டர்) வைத்திருந்தால், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றதை அப்படியே ஓட்டக் கூடாது. மூடிய குடுவைக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து, நீர் கெட்டிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்த நீரைக் கொட்டி, உள்ளே இருக்கும் வடிகட்டும் பொருள்களைத் தொட்டி நீரில் அலசிவிட்டு மாட்டுங்கள்.

அன்றும் மறுநாளும் அமோனியா சோதியுங்கள். நீர் ஓடாதபோது கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். அலை மீண்டும் அடித்ததும் அது ஏறும். பிஹெச் ஏற ஏற அதே அளவு அமோனியா அதிக நச்சாகும். சோதனையில் அமோனியா தெரிந்தால் 20 முதல் 25 சதவீத நீரை, வெப்பமும் உப்பளவும் ஒத்த புதுநீரால் மாற்றுங்கள்.