வைமார் முதல் ஹிட்லர் வரை: தேதி தெரிந்தும் புள்ளி குறைவது ஏன்?

கேள்வி: ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறோம். மகள் 12ஆம் வகுப்பு. வரலாற்றுக் கிளவ்சூருக்கு (எழுத்துத் தேர்வுக்கு) மூன்று வாரம்தான் இருக்கிறது. வைமார் குடியரசும் (முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் அமைந்த ஜனநாயக ஆட்சி) அதன் வீழ்ச்சியும், 1918 முதல் 1934 வரை பாடம். போன முறை 15க்கு 6 புள்ளி. ராத்திரி பகலாகத் தேதிகளை உருப்போடுகிறாள். எனக்கு இந்த வரலாறே தெரியாது. நான் எப்படி உதவுவது?

பதில்: முதலில் போன தேர்வின் விடைத்தாளை எடுத்து, எந்தக் கேள்வியில் புள்ளி போனது என்று பாருங்கள். கேள்வியில் உள்ள வினைச்சொல்தான் என்ன எழுத வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ‘நென்னன்’, ‘பெஷ்ரைபன்’ என்று வந்தால் என்ன நடந்தது என்று சொன்னால் போதும். ‘எர்க்லேரன்’, ‘அனலிசீரன்’ என்றால் எதனால், எப்படி என்று விளக்க வேண்டும். ‘பெஉர்டைலன்’ என்றால் சான்றுகளை எடைபோட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும். ‘பெவேர்டன்’ என்றால் அதற்கும் மேலே போய், எந்த மதிப்பீட்டின்படி அப்படிச் சொல்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். தேதிகளை மட்டும் உருப்போட்டவர்கள் முதல் வகைக் கேள்வியோடு நின்றுவிடுவார்கள். எடைபோட்டு முடிவு சொல்ல வேண்டிய மூன்றாவது கேள்வியிலும் கதையையே திரும்பச் சொல்லிவிட்டு வருவார்கள். உங்கள் மகளுக்கும் அநேகமாக அதுதான் நடந்திருக்கும்.

அடுத்தது நேரம். பதினாறு ஆண்டுகளையும் சமமாகப் பங்கு போட வேண்டாம். 1930 மார்ச் முதல் 1933 மார்ச் வரையுள்ள மூன்று ஆண்டுகளுக்கே பாதி நாட்களைக் கொடுங்கள். குடியரசு உள்ளிருந்து செயலிழந்தது அப்போதுதான். 1918 நவம்பர் 9 அன்று சமூக ஜனநாயகக் கட்சியின் ஷைடமான் குடியரசை அறிவித்தது, போருக்குப் பிந்தைய 1919 வெர்சாய் ஒப்பந்தம், ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற 1920 காப் கலகம் ஆகியவற்றை நான்கு நாளில் முடிக்கலாம். 1923 பணவீக்க நெருக்கடிக்கு இரண்டு நாள், ஸ்ட்ரேசமான் வெளியுறவு அமைச்சராக இருந்த அமைதியான காலத்துக்கு இரண்டு நாள் போதும்.

அந்த மூன்று ஆண்டுகளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு தாள் போதும். நடுவில் மூன்று கட்டங்கள்: குடியரசுத் தலைவர், அரசை நடத்தும் சான்சலர், நாடாளுமன்றமான ரைஷ்டாக். தலைவரிடமிருந்து மற்ற இரண்டுக்கும் அம்பு போட்டு, அரசியலமைப்பின் பிரிவு எண்களை எழுதச் சொல்லுங்கள். பிரிவு 53: சான்சலரைத் தலைவரே நியமிக்கலாம், நீக்கலாம். பிரிவு 48: அவசர ஆணை பிறப்பிக்கலாம். பிரிவு 25: ரைஷ்டாகைக் கலைக்கலாம். ரைஷ்டாகிடமிருந்து திரும்பி வரும் அம்புகளும் உண்டு. அவசர ஆணையை ரத்து செய்யச் சொல்லலாம். சான்சலர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றலாம்.

இப்போது 1930ஐ அந்தத் தாளில் ஓட்டிப் பாருங்கள். வேலையில்லாதோர் காப்பீட்டுக்குச் சந்தாவை உயர்த்துவதா என்ற சண்டையில் மார்ச் 27 அன்று ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு உடைந்தது. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க், ப்ரூனிங்கைச் சான்சலராக்கினார் (53). ஜூலையில் ப்ரூனிங்கின் நிதித் திட்டத்தை ரைஷ்டாக் நிராகரிக்க, அது அவசர ஆணையாக வந்தது (48). ரைஷ்டாக் அதை ரத்து செய்தது. உடனே ரைஷ்டாகே கலைக்கப்பட்டது (25). செப்டம்பர் 14 தேர்தலில் நாஜிக் கட்சி 12 இடத்திலிருந்து 107க்குத் தாவியது. 48, 25 என்ற இந்த இரண்டு அம்புகளும் சேர்ந்து வேலை செய்தால் நாடாளுமன்றம் எப்படி முடங்குகிறது என்பது அந்த ஒரு கோடையிலேயே தெரிந்துவிடும். 1931இல் ரைஷ்டாக் 34 சட்டங்களை நிறைவேற்றியது. அவசர ஆணைகளோ 44. விடையில் இந்த ஒப்பீட்டை எழுதினால் வாதத்துக்கு வலு கூடும்.

இதே தாளில் அடுத்தடுத்து வந்த சான்சலர்கள் பாப்பன், ஷ்லைஹர், கடைசியில் ஹிட்லர் வந்த 1933 ஜனவரி 30 என்று விரலை நகர்த்தட்டும். ஹிட்லர் சான்சலரானது எந்தப் பிரிவின் வழியாக? ‘48’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். சரியான விடை 53.

இன்னும் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, 1923இன் பணவீக்கத்தையும் 1930-32இன் வேலையின்மையையும் ஒன்றாகக் குழப்புவது. ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலை 1923 நவம்பரில். 1928 தேர்தலில் ஹிட்லர் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம்தான். ஆகவே ‘பணவீக்கத்தால் ஹிட்லர் வந்தார்’ என்று நேர்கோடு போட்டால், இடையில் உள்ள ஐந்தாண்டுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். 1932 தொடக்கத்தில் இருந்த நிலைமையே வேறு: விலைகள் இறங்கின, அரசு செலவைச் சுருக்கியது, 60 லட்சம் பேருக்கு மேல் வேலை இல்லை. இரண்டாவது, ‘பெரும்பான்மை மக்கள் ஹிட்லரைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று எழுதுவது. 1932 ஜூலையில் 37 சதவீதம், நவம்பரில் 33. பதவியில் அமர்ந்த பிறகு, எதிர்க்கட்சிகளை அடக்கி நடத்திய 1933 மார்ச் 5 தேர்தலில்கூட 43.9தான். வாக்கு குறையத் தொடங்கிய கட்சியின் தலைவருக்குப் பாப்பனும் ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்தவர்களும் ஏன் கதவைத் திறந்தார்கள் என்பதுதான் மூன்றாம் கேள்விக்கு உரிய விஷயம். இதற்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்கலாம்.

தேர்வில் ஒரு மூல ஆவணமும் வரும். யார், யாருக்கு, எப்போது, எந்தச் சூழலில், என்ன நோக்கத்தில் சொன்னார் என்ற ஐந்தையும் முதல் இரண்டு வாக்கியத்திலேயே எழுதிப் பழக வேண்டும். 1933 மார்ச் 23 அன்று, ரைஷ்டாக் இல்லாமலேயே அரசு சட்டம் இயற்ற வழிவிட்ட அதிகாரமளிப்புச் சட்டத்தை எதிர்த்து சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ் ஆற்றிய உரையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சுதந்திரத்தையும் உயிரையும் எங்களிடமிருந்து பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது’ என்ற வரியைப் பாராட்டிவிட்டு நிறுத்தினால் புள்ளி வராது. மண்டபத்தில் நாஜிக் கட்சியின் எஸ்.ஏ. படையினர் நின்றார்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். ஆதரவு 444, எதிர்ப்பு 94. தோற்பது உறுதி என்று தெரிந்தே பேசிய பேச்சு அது. அப்படியானால் வெல்ஸ் உண்மையில் யாரை நோக்கிப் பேசினார்? இதற்கு விடை எழுதும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது.

இதில் உங்கள் வேலை எளிது. தினமும் இருபது நிமிடம், அன்று படித்ததை மகள் உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். புத்தகத்தில் உள்ள ஜெர்மன் சொற்றொடரை அப்படியே ஒப்பிக்க முடியாதபோது, புரியாத இடம் தானாக வெளியே வரும். நீங்கள் இரண்டே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்: ‘அதனால் என்ன ஆச்சு?’, ‘யார் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம்?’ பதில் வராவிட்டால் நீங்கள் திருத்த வேண்டாம். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் மகளே தேடிச் சொல்லட்டும்.

எழுதிப் பார்ப்பது மட்டும் ஜெர்மனில், கையால், கடிகாரத்தை வைத்து. கடைசி வாரத்தில் இரண்டு முழுத் தேர்வுகளாவது எழுத வேண்டும். 90 நிமிடம் என்றால் படித்துக் குறிப்பெடுக்க 15, முதல் கேள்விக்கு 15, இரண்டாவதற்கு 30, மூன்றாவதற்கு 25, திருத்த 5. முதல் கேள்வியில் 30 நிமிடம் கரைந்து போவதால்தான் பலருக்கு மூன்றாவது அரைகுறையாக நிற்கிறது.

தேர்வுக்கு முந்தின மாலை புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். வெற்றுத் தாளில் அந்த மூன்று கட்டங்களையும் அம்புகளையும் பார்க்காமல் போட்டு, 1930 முதல் 1934 ஆகஸ்ட் 2 வரை, ஹிண்டன்பர்க் இறந்து தலைவர், சான்சலர் என்ற இரண்டு பதவிகளும் ஹிட்லர் கையில் சேர்ந்த நாள் வரை, ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். விட்டுப்போன அம்புகளை மட்டும் சிவப்புப் பேனாவில் போட்டு வைத்துவிட்டுத் தூங்கட்டும்.