டி.எச்.சி.பி. ரிலே போட்டும் அடுத்த சப்நெட்டில் நெட்வேர்க் இன்ஸ்டால் ஓடவில்லை, எங்கே பார்ப்பது?

நீங்கள் சொன்னதை வைத்து நான் விளங்கிக்கொண்டது இது: ஐ.பி. கொடுக்கும் டி.எச்.சி.பி. சேர்வர் கிளிநொச்சியில் 10.10.1.0/24 இல், புதுக் கணினிகள் முல்லைத்தீவுக் கிளையில் 10.10.20.0/24 இல், நடுவில் வி.பி.என். கிளை ரவுட்டரில் ரிலே (கணினிகளின் ஐ.பி. கேள்வியை வேறு சப்நெட்டில் இருக்கிற சேர்வருக்குக் கடத்துவது) போட்டாயிற்று. சில கணினிகளுக்கு ஐ.பி.யே வரவில்லை, சிலவற்றுக்கு ஐ.பி. வந்தும் இன்ஸ்டாலர் தொடங்கவில்லை.

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள், ஒன்றாகக் குழப்ப வேண்டாம். வவுனியா, மாங்குளம் பக்கம் இப்படியான அமைப்புகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரிலே கொன்ஃபிக்கை அழித்து அழித்து எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். சேர்வரில் டி.சி.பி.டம்ப்பை (வந்துபோகும் பக்கெட்டுகளைக் காட்டும் கருவி) டி.எச்.சி.பி. சேர்வர் கேட்கும் யூ.டி.பி. போர்ட் 67க்கு ஓடவிட்டு, முல்லைத்தீவில் நிற்பவரிடம் ஒரு கணினியைப் போடச் சொல்லுங்கள்.

ஒன்றுமே வரவில்லையா? அப்போதுதான் ரிலே பக்கம் போக வேண்டும். ஹெல்பர் அட்ரஸ் (எந்த சேர்வருக்குக் கடத்துவது என்று ரிலேக்குச் சொல்லும் வரி) கணினிகள் இருக்கிற பக்க இன்டர்ஃபேஸில் இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் பெட்டிதான் ரிலே என்றால் அது சேர்வர் பக்க இன்டர்ஃபேஸிலும் கேட்க வேண்டும்; இல்லாவிட்டால் பதில் வாசல் வரை வந்தும் உள்ளே வராது.

பக்கெட் வருகிறது என்றால் அதிலுள்ள ஜி.ஐ.அட்ர் புலத்தைப் பாருங்கள். கணினி ஐ.பி. கேட்பது பிராட்காஸ்ட்டில், அது ரவுட்டரைத் தாண்டாது. ரிலே அதைப் பிடித்து, தன் முகவரியை அந்தப் புலத்தில் எழுதி சேர்வருக்கு நேரே அனுப்புகிறது. கடிதத்தில் குத்துகிற ஊர்த் தபால் முத்திரை மாதிரித்தான். எந்த சப்நெட்டில் இருந்து ஐ.பி. கொடுப்பது என்பதை சேர்வர் அதைப் பார்த்தே முடிவுசெய்கிறது, பதிலையும் அந்த முகவரிக்கே அனுப்புகிறது. அங்கே 10.10.20.1 என்று இருந்தும் சேர்வர் கொன்ஃபிக்கில் அந்த சப்நெட் இல்லை என்றால், ஐ.எஸ்.சி. டி.எச்.சி.பி. சேர்வரின் லொக்கில் 'அன்நோன் நெட்வேர்க் செக்மென்ட்' என்று விழும்.

சேர்வர் ஆஃபர் (இந்த ஐ.பி.யைத் தருகிறேன் என்ற பதில்) அனுப்புகிறது, கணினிக்குப் போய்ச் சேரவில்லை என்றால், சேர்வரில் இருந்து 10.10.20.1ஐ பிங் பண்ணுங்கள். திரும்பும் ரூட் இல்லாமல் இருப்பதுதான் நான் அதிகம் காண்பது. ஃபயர்வோலையும் பாருங்கள்: ரிலேக்குப் போகும் பதில் 67ஆம் போர்ட்டுக்குப் போகிறது, கணினிகள் கேட்கும் 68க்கு அல்ல.

சில கணினிகளுக்கு மட்டும் ஐ.பி. வரவில்லை என்கிறீர்களே, அது பெரும்பாலும் சுவிச்சின் வேலை. ஸ்பானிங் ட்ரீ (சுவிச்சுகளுக்கிடையே வளையம் விழாமல் தடுப்பது) போர்ட்டைத் திறக்க வழக்கமாக 30 விநாடி எடுக்கும், அதற்குள் பி.எக்ஸ்.இ. (கணினியின் நெட்வேர்க் பூட்) பொறுமை இழந்துவிடலாம். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் சரி.

இனி இரண்டாவது கோளாறு. பூட் ஃபைலை இறக்கும் டி.எஃப்.டி.பி.யை ரிலே சுமப்பதில்லை. கணினியே நேரடியாகக் கிளிநொச்சிக்குப் போக வேண்டும். ஆகவே டி.எச்.சி.பி. ஒப்ஷன் 3இல் கேட்வே கட்டாயம் வேண்டும், நெக்ஸ்ட் சேர்வரில் டி.எஃப்.டி.பி. சேர்வரின் முகவரி இருக்க வேண்டும். பழைய பயோஸ் கணினியும் யூ.இ.எஃப்.ஐ. கணினியும் கலந்திருந்தால் ஒரே பூட் ஃபைல் இரண்டுக்கும் ஆகாது. கணினி தன் வகையைச் சொல்லும் ஒப்ஷன் 93ஐப் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். அதில் 0 என்றால் பயோஸ், 7 என்றால் 64 பிட் யூ.இ.எஃப்.ஐ.

இத்தனையும் சரியாக இருந்தும் ஃபைல் இறங்கத் தொடங்கி நின்றுவிட்டால் எனக்கு வி.பி.என். மேல்தான் சந்தேகம். டி.எஃப்.டி.பி. பிளொக்கை 1468 பைட்டாகக் கேட்கும் கணினிகள் பல உண்டு. தலைப்புகளோடு சேர்த்தால் அது சரியாக 1500; டனலுக்குள் அது உடைபடும், உடைந்த துண்டுகளைச் சேர்க்கத் தெரியாத பூட் ரொம்களும் இருக்கின்றன. டி.எஃப்.டி.பி. சேர்வரில் பிளொக் அளவை 1300 அளவுக்கு மட்டுப்படுத்திப் பாருங்கள். அது மெதுவாக இருந்தால் ஐபிஎக்ஸ்இ (எச்.டி.டி.பி.யும் தெரிந்த பூட் புரோகிராம்) போட்டு மிச்சத்தை எச்.டி.டி.பி.யில் இறக்குங்கள். டி.எஃப்.டி.பி. ஒவ்வொரு பிளொக்குக்கும் பதில் வரும்வரை காத்திருப்பதால், தூர லைனில் பெரிய ஃபைலை அதில் இறக்குவது வீண் வேலை.