ஒரு சொட்டு இரத்தத்தில் புற்றுநோய் தெரியுமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து தெல்லிப்பழையில் சிகிச்சை நடந்தது. இப்போது சுகம். எனக்கு வயது 38. சீனி பார்க்கும் மெஷின் மாதிரி, ஒரு சொட்டு இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்துப் புற்றுநோயை முன்கூட்டியே சொல்லும் சென்சர் பற்றிக் கனடாவிலிருந்து அண்ணா வீடியோ அனுப்பினார். அது வரும்வரை இருந்து பார்க்கலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: இருந்து பார்க்க வேண்டாம், தங்கச்சி.

அண்ணா அனுப்பியது பொய்யில்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது கலத்துக்குள் இருக்கும், சுமார் 22 மரபணு எழுத்து நீளமுள்ள துணுக்கு. கலத்தில் எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம் என்பதை அடக்கி வைக்கும். 1993இல் ஒரு சின்னப் புழுவில் அதைக் கண்டறிந்ததற்கு விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள். மார்பகம் உட்படப் பல புற்றுநோய்களில் மிர்-21 என்ற துணுக்கு கூடுகிறது. அதோடு சோடி சேரும் டி.என்.ஏ. இழையைத் தங்க மின்வாயில் ஒட்டி, நுனியில் மெதிலீன் நீலம் என்ற சாயத்தைக் கட்டி வைப்பார்கள். துணுக்கு வந்து சேர்ந்தால் மின்னோட்டம் மாறும். சரி, அதுவரை அழகான வேலைதான்.

ஆனால் இரத்தச் சீனியோடு பார்த்தால் இந்தத் துணுக்கு நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள் என்பதால் எனக்கு அதைவிடப் பயம் இரத்தம் எடுக்கும் இடத்தில்தான். விரலை அழுத்திப் பிழிந்தால், ரியூப்பைக் குலுக்கினால் செங்குழியங்கள் உடையும். அவற்றுக்குள் மிர்-451, மிர்-16 என்ற வேறு மைக்ரோ ஆர்.என்.ஏ. துணுக்குகள் நிறைய உண்டு. எல்லாம் வெளியே கொட்டும். பல ஆய்வுகளில் மிர்-16ஐத்தான் ஒப்பிடும் அளவாக வைத்தார்கள். அது கூடினால் மற்றவை குறைந்த மாதிரித் தெரியும். இருக்கிற நோய் இல்லை என்று வரலாம். அப்புறம், மிர்-21 அழற்சியிலும் கூடும். கூடினதெல்லாம் புற்றுநோய் இல்லை. உடம்பில் ஒன்றும் இல்லாத பிள்ளையை அப்படியொரு முடிவு எவ்வளவு கலங்க வைக்கும்!

நீங்கள் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். மார்பகத்தைப் பரிசோதிப்பார்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய், அவவுக்கு எந்த வயதில் வந்தது என்று கட்டாயம் சொல்லுங்கள். உங்களுக்கு மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்போது தொடங்குவது என்று தீர்மானிக்க வைத்தியருக்கு அது வேண்டும். கட்டி, தோல் உள்ளே இழுபடுதல், முலைக்காம்பில் இரத்தக் கசிவு என்று ஏதாவது தெரிந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.