நாய் நடத்தை ஆலோசனை: புதியவர்களைப் பழக்குவோரின் கேள்விகள்

கேள்வி: அக்கா, என்னிடம் தொழில் பழகும் பெண் ஆறு மாதமாகக் கூடவே வருகிறாள். எப்போது தனியாக அனுப்பலாம்?

பதில்: மாதக் கணக்கை விடுங்கள். கண்ணால் கண்டதையும் தான் ஊகித்ததையும் பிரித்து எழுத அவளுக்கு வருகிறதா என்று பாருங்கள். "விருந்தாளியைக் கண்டு நாய்க்குக் கோபம்" என்று எழுதினால் இன்னும் நாளாகும். "விருந்தாளி குனிந்தார், நாய் முகத்தைத் திருப்பியது, உதட்டை நக்கியது, உடம்பு விறைத்தது, அப்புறம்தான் உறுமியது" என்று எழுதினால் பார்க்கக் கற்றுக்கொண்டாள் என்று அர்த்தம்.

இதற்கு வீடியோ ரொம்ப உதவும். ஒரு நிமிடக் காட்சியைச் சத்தமில்லாமல் மூன்று தடவை ஓடவிடுங்கள். முதலில் உடம்பும் வாலும், அடுத்து முகம், கடைசியில் பக்கத்தில் நிற்கும் மனிதர்கள். அவள் எழுதி முடிக்கும்வரை நீங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது. நான் முந்திக்கொண்டு பேசிய நாட்களில், பிள்ளைகள் நான் சொன்னதை மட்டுமே பார்த்தார்கள்.

தனியாக அனுப்பும்போதும், குட்டி கையைக் கவ்வுகிறது, பெல்ட்டை இழுக்கிறது போன்ற வீடுகளில் தொடங்குங்கள். கடித்த நாய் இருக்கும் வீட்டுக்கு நீங்களும் போக வேண்டும்.

கேள்வி: ஆறு வயது ராஜபாளையம் நாய், ஒரு மாதமாக வீட்டுக் குழந்தையைப் பார்த்து உறுமுகிறது. என்னிடம் பழகும் தம்பி பயிற்சித் திட்டமே எழுதிவிட்டான். அதைத் திருத்தித் தரவா?

பதில்: திருத்த வேண்டாம், நிறுத்தி வையுங்கள். வளர்ந்த நாய் திடீரென மாறினால் முதலில் கால்நடை மருத்துவர். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸ் குழு 2020-ல் எழுதிய கட்டுரையில், நடத்தைச் சிக்கலுக்காக வந்த நாய்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு ஏதாவது ஒரு வலி இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இடுப்பு, காது, பல் எல்லாம் பார்க்கட்டும். ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாதவையும் உண்டு. தூங்கும்போது குழந்தை தொட்டால் திடுக்கிட்டு எழும். இங்கே மாற்றம் புதிது என்பதால் வலியைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

அதுவரை குழந்தையும் நாயும் தனித்தனி அறையில். உறுமியதற்காக யாரும் அடிக்கக் கூடாது. உறுமல் நாய் தரும் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும்.

கேள்வி: பழக வந்த பையனை நேற்று ஒரு நாய் கடித்துவிட்டது. தடுப்பூசி போட்ட நாய்தான். போதுமா மேடம்?

பதில்: போதாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதாவது கழுவி, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். இனி வருபவர்களுக்கு வேலை தொடங்கும் முன்பே ரேபிஸ் தடுப்பூசி போடச் சொல்லுங்கள்.

பையனைத் திட்டாதீர்கள். எவ்வளவு நெருங்க விட்டோம், நாய்க்கு விலக இடம் இருந்ததா என்று இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். அவனை அங்கே நிறுத்தியது நாம்தானே.

கேள்வி: பலரைக் கடித்த நாயை, மருத்துவரும் குடும்பமும் பேசி, கருணைக்கொலை செய்துவிட்டார்கள். அந்தக் கேஸைப் பார்த்த பெண் வேலைக்கே வரவில்லை.

பதில்: நீங்களே அவளைப் போய்ப் பாருங்கள். கேஸ் குறிப்பை எடுத்துப் போக வேண்டாம். அவள் பேசட்டும். எனக்கு முதலில் அப்படி நடந்தபோது யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் எந்த நாயையும் பார்க்கப் போகவில்லை. குறிப்பை அடுத்த வாரம் சேர்ந்து படிக்கலாம். அவள் திரும்ப வந்ததும் முதல் வேலையாக ஒரு நல்ல குட்டியைக் கொடுங்கள்.